பிராசஸரை மட்டும் மாற்றினால் போதுமா?

கொட்டிவாக்கம் வாசகி ஒருவரின் கேள்வி: “2017-ல் வாங்கிய டெஸ்க்டாப். ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர், ஹெச்110 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ரேம், பழைய ஹார்டு டிஸ்க். கணவரின் கடைக் கணக்கு, மகளின் கல்லூரி வேலை எல்லாம் இதில்தான். ரொம்ப ஸ்லோ. விண்டோஸ் 11-ம் ஏறவில்லை. பிராசஸரை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?”

வேண்டாம் அம்மா. அந்தப் பணம் வீண்.

விண்டோஸ் 11-க்கு இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். உங்கள் போர்டின் சாக்கெட் எல்ஜிஏ 1151. எட்டாம் தலைமுறைக்கும் சாக்கெட் பெயர் அதேதான். பிராசஸர் அழகாக உட்காரவும் செய்யும். ஆனால் கம்ப்யூட்டர் ஆன் ஆகாது. அதற்கு 300 வரிசை சிப்செட் உள்ள போர்டு வேண்டும். உங்கள் போர்டு ஏற்பது ஏழாம் தலைமுறை ஐ7 வரைதான். அதைப் போட்டாலும் விண்டோஸ் 11 பிரச்னை அப்படியே இருக்கும்.

ஏஎம்டி வைத்திருப்பவர்கள் கதை வேறு. ஏஎம்4 சாக்கெட்டில் பி450 போர்டு இருந்தால், பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டு, ரைசன் 5000 வரிசைக்கு மாறலாம். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான பிராசஸர் பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில், டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் அடிக்கடி 100 சதவீதம் காட்டினால், ஸ்லோவுக்குக் காரணம் ஹார்டு டிஸ்க். ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டாலே வித்தியாசம் தெரியும். நாளை போர்டை மாற்றினாலும் அதே எஸ்எஸ்டி உதவும்.

அடுத்தது பாதுகாப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. கூடுதல் அப்டேட் திட்டத்தில் பதிவு செய்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். கடைக் கணக்கு இருப்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அதற்குள் பணம் சேர்த்து, போர்டையும் பிராசஸரையும் சேர்த்தே மாற்றுங்கள். 12-ம் தலைமுறை ஐ3-யும், டிடிஆர்4 ரேம் ஏற்கும் ஹெச்610 போர்டும் போதும். “டிடிஆர்4 போர்டு” என்று அழுத்திக் கேளுங்கள். டிடிஆர்5 போர்டில் உங்கள் பழைய ரேம் பொருந்தாது. அதற்குத் தனியாகச் செலவு.

ரிச்சி ஸ்ட்ரீட் போகும்போது கவனிக்க:

• பிராசஸர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் விலை குறையும். ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் மானிட்டரில் படம் வராது.

• பழைய கூலர் புதிய சாக்கெட்டில் பொருந்தாது. பிராசஸர் பெட்டியில் கூலர் இருக்கிறதா என்று பாருங்கள்.

• பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் சில மாடல்களில் கேபினட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் வெளி போர்டுக்குப் பொருந்தாது. கேபினட்டையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

• செகண்ட் ஹேண்ட் போர்டு என்றால் யுஎஸ்பி போர்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பக்கத்து உப்புக்காற்றுக்கு அது இன்னும் சீக்கிரம் கெடும்.

• கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் லைசன்ஸ், போர்டு மாறினால் செல்லாமல் போகலாம். அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன், கடைக் கணக்கை வெளி டிஸ்க் ஒன்றில் காப்பி எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். போர்டு போனால் வேறு வாங்கலாம். எட்டு வருடக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.