அருகம்புல் பறிக்கிற இடத்துல மருந்து அடிக்காதீங்க

நம்ம கோயில் ரோட்டோரத்துல நகராண்மைக் கழகத்து குத்தகையாளர் புல்லு மருந்து அடிக்கிறதைப் பத்தி புலனக் குழுவுல ரெண்டு வாரமா வாக்குவாதம் ஓடிக்கிட்டு இருக்கு. “சுத்தம் பண்ணாலும் குறை, பண்ணாட்டியும் குறையா?” என்று ஒரு பக்கம். “விஷத்தை ஊத்துறாங்க” என்று இன்னொரு பக்கம். தொண்டூழியர்களாகிய நாங்க எங்க கருத்தை ஒரே இடத்துல எழுதிடலாம்னு முடிவு பண்ணோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

எங்க பேச்சு புற்றுநோயில ஆரம்பிக்கல, அருகம்புல்லுல ஆரம்பிக்குது. விநாயகர் சதுர்த்திக்கும் மாசா மாசம் சங்கடஹர சதுர்த்திக்கும் பிள்ளையாருக்கு அருகம்புல் மாலை சாத்துறோம். அந்தப் புல் எங்கிருந்து வருது? பாதி பூக்கடையில வாங்குறது. மீதி பக்தர்கள் கையால பறிச்சுக் கொண்டு வர்றது. அவங்க பறிக்கிற இடம் ரோட்டோரம், லோங்காங் கரை, கோயில் வேலிக்கு வெளியே இருக்கிற திட்டு. தமான்ல வேற எங்க புல் இருக்கு? மாலை கழட்டினதும் அதைப் பிரசாதமா வீட்டுக்குக் கொண்டு போறாங்க. சில வீட்டுல அரைச்சு சாறு எடுத்து வெறும் வயித்துல குடிக்கிறாங்க. நம்ம பாட்டிமாருங்க அதே கரையிலதான் குப்பைமேனியும் பொன்னாங்கண்ணியும் தும்பையும் பறிக்கிறாங்க.

இப்ப மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. ரோட்டோரத்துக்கு அதிகமா அடிக்கிறது கிளைபோசேட். ரவுண்டப்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். அது இலையில பட்டா உள்ள இறங்கி வேர் வரைக்கும் போகும். அடிச்ச அன்னைக்கே புல் கருகாது. நாலு நாள், ஒரு வாரம், சில நேரம் அதுக்கு மேலயும் பச்சையாவே நிக்கும். அப்புறம்தான் மஞ்சளாகி காயும். அதாவது திங்கட்கிழமை மருந்து அடிச்ச புல்லை புதன்கிழமை ஒரு அம்மா பறிச்சா, அவங்க கண்ணுக்கு அது நல்ல புல்லு. வாடையும் பெரிசா இருக்காது. “கழுவிட்டா போச்சு”ன்னு குழுவுல ஒருத்தர் எழுதியிருந்தார். மேல இருக்கிறதைக் கழுவலாம், உள்ள இறங்கினதை எந்தத் தண்ணியில கழுவுறது?

இதுதான் எங்களுக்கு முதல் பிரச்சினை. மத்ததெல்லாம் இதுக்குப் பிறகுதான்.

கிளைபோசேட் புற்றுநோய் தருமா தராதாங்கிற சண்டை உலகம் முழுக்க நடக்குது. 2015ல் உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இது மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்னு வகைப்படுத்திச்சு. அமெரிக்க அரசாங்க அமைப்பு அப்படி இருக்க வாய்ப்பில்லைன்னு சொல்லுது. 2018ல் கலிபோர்னியாவுல பள்ளிக்கூடத் திடல்களுக்கு இந்த மருந்தை அடிச்சுக்கிட்டிருந்த ஊழியர் ஒருத்தர் கம்பெனி மேல வழக்குப் போட்டு ஜெயிச்சார். ஐரோப்பிய ஒன்றியமோ 2023ல் இன்னும் பத்து வருஷத்துக்கு அனுமதியை நீட்டிச்சது. படிச்சவங்களே ரெண்டா நிக்கிற விஷயத்துல, எஸ்.பி.எம். வரைக்கும் படிச்ச நாங்க தீர்ப்பு சொல்ல வரல. ஆனா தீர்ப்பு வர்ற வரைக்கும் நம்ம பிள்ளைங்க விளையாடுற இடத்துல அடிச்சுக்கிட்டே இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் கிடையாதே.

இந்த நாட்டுல நமக்கு இது புதுக் கதையும் இல்ல. எஸ்டேட்டுல மருந்து பம்பை முதுகுல கட்டி நடந்தது யாரு? பெரும்பாலும் நம்ம பொம்பளைங்க. எங்கள்ல சிலரோட அம்மாவும் அத்தையும் அந்த வேலைதான் பார்த்தாங்க. அப்ப பாராகுவாட். நகம் பேர்ந்து வரும், மூக்குல ரத்தம் வரும், கண்ணு எரியும். ஒரு வாய் உள்ள போனாலே உயிர் போயிடும், முறிக்க மருந்து கிடையாது. தெனாகானித்தா அமைப்பு இந்தப் பொம்பளைங்களைப் பார்த்து விசாரிச்சு 2002ல் அறிக்கையே வெளியிட்டுச்சு. அதே 2002ல் அரசாங்கம் பாராகுவாட்டை நிறுத்தப் போறதா அறிவிச்சது. 2006ல் அந்த முடிவைத் தளர்த்திட்டாங்க. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ல். தெரிஞ்ச விஷத்தை நிறுத்தவே இத்தனை வருஷம். அவ்வளவு காலமும் “சரியா பயன்படுத்தினா பாதுகாப்பு”ங்கிற பதில்தான் வந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப கிளைபோசேட்டுக்கும் அதே வார்த்தையைச் சொல்றாங்க. ரெண்டும் ஒரே அளவு விஷம் இல்ல, அது எங்களுக்குத் தெரியும். வார்த்தைதான் ஒண்ணா இருக்கு.

சரியா பயன்படுத்துறதுன்னா என்ன? எங்கள்ல முக்காவாசிப் பேர் தொழிற்சாலையில வேலை. 1994ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தாங்க. ஒரு போத்தல் திரவம் லைனுக்கு வந்தாலும் லேபல் இருக்கணும், பாதுகாப்பு விவரத் தாள் இருக்கணும், கையுறை, கண்ணாடி, முகமூடி இருக்கணும். ஆடிட் வந்தா முதல்ல அதைத்தான் கேப்பாங்க. ரோட்டோரத்துல நாங்க பார்க்கிறது என்ன? வெளிநாட்டுத் தொழிலாளி ஒருத்தர், கால்ல ஜப்பான் சிலிப்பர், முகத்துல சுத்தின துண்டு, முதுகுல பம்பு. அவ்வளவுதான். என்ன மருந்துன்னு கேட்டா அவருக்கும் தெரியல. அவர் மேல தப்பு சொல்லாதீங்க. அவரும் யாரோ வீட்டுப் பிள்ளை, நம்ம அம்மாமாருங்க நின்ன இடத்துலதான் இப்ப அவர் நிக்கிறார்.

நம்ம ஊரு மழையையும் சேர்த்துக்கோங்க. காலையில அடிப்பாங்க, சாயங்காலம் மழை கொட்டும். மருந்து லோங்காங்குல இறங்கிடும். புல் செத்த கரையில மண்ணைப் பிடிச்சு வைக்க வேர் இல்ல. மண்ணு சரிஞ்சு லோங்காங்கை அடைக்கும், அதுல தண்ணி தேங்கும், கொசு வரும். அப்புறம் புகை அடிக்க இன்னொரு லோரி வரும்.

எதிர்ப்பக்கத்து நியாயமும் உண்டு. மெஷின்ல வெட்டினா கல்லு தெறிச்சு கார் கண்ணாடி உடையுது. புல் உசந்தா பாம்பு வருது. வெட்ட ஆள் கிடைக்கல, செலவும் கூட. இதெல்லாம் உண்மை. நெடுஞ்சாலை ஓரத்துல ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தைப் பத்தி நாங்க சண்டை போடப் போறதில்ல. கோயில், சூராவ், தமிழ்ப்பள்ளி, விளையாட்டுத் திடல், இந்த நாலைச் சுத்தி வேண்டாம்னுதான் கேக்குறோம். அங்க வெட்டுங்க. கல்லு தெறிக்காம இருக்க தடுப்பு வலை பிடிக்கச் சொல்லுங்க, செய்யிற இடத்துல செய்யிறாங்க. ஆடி மாசம் பால்குடம் எடுக்கிற பொம்பளைங்க வெறுங்கால்ல நடக்கிறது இந்த ரோட்டோரத்துலதான். தார் ரோடு வெயில்ல கொதிக்கிறப்ப எல்லாரும் புல்லுமேலதான் ஒதுங்குவாங்க.

இன்னொண்ணு, கோபப்படாதீங்க. சில கோயில்களே திருவிழாவுக்கு முன்னால ஆள் வச்சு வளாகத்துக்குள்ள மருந்து அடிக்கிறாங்க. பார்க்க பளிச்சுன்னு இருக்குமாம். வில்வ மரத்தடியில, துளசி மாடத்துப் பக்கத்துல மருந்து அடிச்சுட்டு, அதே இலையை மறுநாள் அர்ச்சனைக்குப் பறிக்கிறதை நாங்க ஏத்துக்கல. நம்ம கோயில்ல பாராங்கும் புல்வெட்டி மெஷினும்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில பன்னிரண்டு பேர் வந்தா ரெண்டு மணி நேரத்துல முடியுது. ஆறு பேர் வந்தா மத்தியானம் ஆயிடுது, அதுவும் நடக்குது.

நகராண்மைக் கழகத்துக்கு ஆலய நிர்வாகத்தோட கையெழுத்துல கடிதம் தயாராகுது. மூணு விஷயம் கேக்குறோம். மேல சொன்ன நாலு இடத்தைச் சுத்தி மருந்து வேண்டாம். வேற எங்க அடிச்சாலும் எந்த நாள், என்ன மருந்துன்னு மலாய், தமிழ், சீனம் மூணுலயும் முன்கூட்டியே பலகை வைக்கணும். அடிச்ச இடம் கண்ணுக்குத் தெரியிற மாதிரி மருந்துல சாயம் கலக்கணும். அப்படிப்பட்ட சாயம் கடையிலயே கிடைக்குது, பெரிய தொழில்நுட்பம் ஒண்ணும் இல்ல.

வர்ற வெள்ளிக்கிழமை சாயரட்சை பூஜை முடிஞ்சதும் கல்யாண மண்டபத்து வாசல்ல மேசை போட்டிருப்போம், வந்து கையெழுத்து போடுங்க. மருந்து அடிக்கிறப்ப எடுத்த படம் இருந்தா தேதி, இடத்தோட அனுப்புங்க. அடிக்கிறவரோட முகம் தெரிய எடுக்க வேணாம். அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு அருகம்புல் கொண்டு வர்றவங்க, ரோட்டோரத்துல பறிக்காதீங்க. கோயில் பின்பக்கம் அருகம்புல்லுக்குன்னே ஒரு பாத்தி போட்டிருக்கோம், நல்லா படர்ந்திருக்கு. கேட்டு வாங்கிக்கோங்க.