படிச்சவன் துடைப்பம் பிடிப்பானா?

இடம் 549. வந்தவர்கள் 7 ஆயிரம் பேர்!

2019 நவம்பரில் கோவை மாநகராட்சி துப்புரவுத் தொழிலாளர் வேலைக்கு ஆள் எடுத்தபோது திரண்ட கூட்டம் இது. என்ஜினீயர், பட்டதாரி, டிப்ளமோ என்று சான்றிதழ் கட்டோடு நேர்காணலுக்கு வந்து நின்றார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் சட்டசபைச் செயலகத்தில் பெருக்கும் வேலை, துப்புரவு வேலை 14 இடத்துக்கு 4,607 மனு. அதிலும் என்ஜினீயர்கள்!

"படிச்சவன் குனிஞ்சு வேலை பார்ப்பானா? நாலு நாள்ல ஓடிடுவான்" - டீக்கடையில் இப்படித்தான் பேசுகிறார்கள்.

டீக்கடையில் மட்டுமா? பியூன் வேலைக்குப் பட்டதாரி கூடாது என்று பஞ்சாப் நேஷனல் வங்கியே நிபந்தனை போட்டது. பட்டத்தை மறைத்து மனு போட்ட ஒடிசாக்காரர் வழக்கில், 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் வங்கி பக்கமே நின்றது.

படிப்பா ஒருவனைச் சோம்பேறி ஆக்குகிறது? இல்லவே இல்லை! கோவையில் மனு போட்டவர்களில், தனியாரிடம் 12 மணி நேரம் உழைத்து மாதம் 6 ஆயிரம், 7 ஆயிரம் வாங்கியவர்களும் உண்டு. மாநகராட்சியில் அன்றைக்கு ஆரம்பச் சம்பளமே 15,700 ரூபாய். வேலைக்கும் உத்தரவாதம். அதற்காகத்தான் வந்தார்கள். உழைக்கப் பயந்தவன் 12 மணி நேரம் நிற்பானா?

மனசு ஒடிவது சேர்ந்த அன்றைக்கு அல்ல. சில வருஷம் கழித்து, "ரிட்டயர் ஆகிற வரைக்கும் இதேதானா?" என்று தோன்றும்போதுதான். மேலே ஏறப் படி இல்லை என்றால் எவனுக்கும் கை தளரும். எட்டாவது படித்தவர் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பட்டதாரி சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்!

அதற்காகச் சிபாரிசு பிடித்து வந்த பட்டதாரியை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, அவன் பங்குத் தெருவையும் படிக்காத அம்மாவின் தலையில் கட்டக்கூடாது. அது அநியாயம்!

துப்புரவு வேலை என்றால் எல்லோரும் தெருவில் இறங்கட்டும். சில வருஷம் ஒழுங்காக வேலை பார்த்தவருக்கு மேற்பார்வையாளர் பதவிக்கு வழி திறக்கட்டும். படிப்புக்கு மட்டுமல்ல, தெருவில் தேய்ந்த கைக்கும் மார்க் போடட்டும்.

துடைப்பம் பிடிக்கத் தயார் என்றுதான் 7 ஆயிரம் பேர் வந்தார்கள். வேலைக்கு எடுத்தவர்களுக்கு ஏணி வைப்பது அதிகாரிகள் பொறுப்பு.

வைப்பார்களா?