"உர்ர்..." என்ற சத்தம் எங்கே பிறக்கிறது?

ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ஓடும் நாள். தெருவெல்லாம் கூட்டம். கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி பாடுகிறது. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டு நின்றதும் வேறொரு சத்தம் கேட்கிறது.

"உர்ர்ர்..."

பாட்டு ஓடும்போதும் அந்தச் சத்தம் இருந்தது. பாட்டு அதை மறைத்திருந்தது. அவ்வளவுதான்.

"குழாய் பழசு" என்பார் ஒருவர். "மைக் செட்டுக்காரர் சரியில்லை" என்பார் இன்னொருவர். ஆனால் பெரும்பாலும் குற்றம் குழாயில் இல்லை. ஒலி குழாய்க்குப் போவதற்கு வெகு முன்னாலேயே, ஒரு சிறு போர்டில் அந்தக் குற்றம் புகுந்துவிடுகிறது. அந்தப் போர்டின் பெயர் பிரீ ஆம்ப்ளிபயர். தமிழில் முன்பெருக்கி என்று சொல்லலாம்.

இந்த முன்பெருக்கியை இன்று வீட்டிலேயே செய்யலாம். அச்சிட்ட போர்டு கடையில் கிடைக்கிறது. சில நூறு ரூபாயில் சாமான்களும் கிடைக்கின்றன. ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட ஆசைப்படுகிறார்கள்.

பெற்றோர் பயப்படுகிறார்கள். "மின்சாரத்தோடு விளையாட்டா? படிப்பு என்ன ஆகும்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. பிள்ளைகளைச் செய்ய விடலாமா?

விடலாம். விடவும் வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

மில் சொல்லும் பாடம்

முன்பெருக்கி என்ன வேலை செய்கிறது என்பதை இராஜபாளையத்துக்காரர்களுக்குப் புரிய வைப்பது எளிது. அது நூல் ஊர். 1936-ல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அங்கே இராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பிறகு இன்னும் பல மில்கள் வந்தன. மில் சங்கு கேட்டு வளர்ந்த குடும்பங்கள் அந்த ஊரில் ஏராளம்.

மில்லில் பஞ்சு எப்படி நூலாகிறது? முதலில் பேலைப் பிரிக்கிறார்கள். தூசியையும் இலைத்துணுக்கையும் நீக்குகிறார்கள். பஞ்சைச் சீவி, கயிறு போன்ற திரியாக்குகிறார்கள். அந்தத் திரியை இழுத்து இழுத்து மெல்லிதாக்கி, முறுக்கி, நூலாக்குகிறார்கள்.

திரியில் ஓர் அங்குலம் மெலிந்திருந்தால் என்ன ஆகும்? இழுக்க இழுக்க அந்த ஓர் அங்குலம் பல அடி நீளத்துக்கு மெலிந்த நூலாகிவிடும். அந்த நூல் துணியிலும் கோடாகத் தெரியும். கடைசியில் நெய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பயனில்லை. தொடக்கத்தில் நேர்ந்த குறை, முடிவில் பெரிதாகத்தான் வந்து நிற்கும்.

ஒலியும் அப்படித்தான்.

ஒன்று ஐந்நூறாகும்போது

மைக்கின் முன்னால் ஒருவர் பேசுகிறார். அவர் குரல் மைக்கில் மின்சாரமாக மாறுகிறது. அந்த மின்சாரம் மிகச் சிறியது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில் இரண்டு மூன்று பங்கு இருக்கும். பழைய இசைத்தட்டின் ஊசி தரும் மின்சாரமும் ஏறக்குறைய ஐந்து பங்குதான்.

ஒலிபெருக்கியை ஓட்டும் பெரிய ஆம்ப்ளிபயருக்கு இது போதாது. அதற்கு ஏறக்குறைய ஒரு வோல்ட் வேண்டும். அப்படியானால் மைக்கின் மின்சாரத்தைச் சில நூறு மடங்கு பெருக்க வேண்டும். அந்த வேலையைத்தான் முன்பெருக்கி செய்கிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். முன்பெருக்கிக்கு நல்லது கெட்டது தெரியாது. பாட்டை 500 மடங்கு பெருக்கும்போது, அதோடு கலந்த தூசியையும் 500 மடங்கு பெருக்கும்.

என்ன தூசி? வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர் இருந்தால், அந்த அலை மைக் ஒயரில் ஒட்டிக்கொள்ளும். அதுதான் "உர்ர்ர்".

மொபைல் போனிலிருந்து பாட்டு வந்தால் இவ்வளவு பெருக்க வேண்டியதில்லை. போன் தருவதே ஏறக்குறைய ஒரு வோல்ட் வரை இருக்கும். அப்போது முன்பெருக்கியின் வேலை வேறு. வால்யூமைக் கூட்டிக் குறைக்கும். தவில் போன்ற தடித்த ஒலிக்கு 'பாஸ்', ஜால்ரா போன்ற மெல்லிய ஒலிக்கு 'டிரெபிள்' என்று இரண்டு திருகு வைத்திருக்கும். இந்தத் திருகுகளுக்கான நல்ல வழியை 1952-ல் பீட்டர் பாக்ஸண்டால் என்ற ஆங்கிலேயர் ஒரு பத்திரிகையில் வெளியிட்டார். இன்று கடையில் வாங்கும் போர்டுகளிலும் பெரும்பாலும் அவர் வழிதான் இருக்கிறது.

'ஹை-பை' என்ற சொல்லைப் பலரும் "பெரிய சத்தம்" என்று நினைக்கிறார்கள். அது தவறு. உள்ளதை உள்ளபடி சொல்வதே ஹை-பை. பாடியவர் பாடியது மட்டும் கேட்க வேண்டும். ஒன்றும் கூடக்கூடாது, ஒன்றும் குறையக்கூடாது.

போர்டில் என்ன இருக்கிறது?

உள்ளங்கையில் அடங்கும் போர்டு. அதன் ஒரு பக்கம் செம்புக் கோடுகள். அவை ஒயருக்குப் பதில். நடுவில் எட்டுக்கால் பூச்சி போல ஓர் ஐ.சி. 5532 என்ற எண்ணுள்ள ஐ.சி. இதற்குப் பேர்போனது. அதற்குள் இரண்டு பெருக்கிகள் இருக்கின்றன. இடது பக்க ஒலிக்கு ஒன்று. வலது பக்க ஒலிக்கு ஒன்று.

எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை இரண்டு ரெசிஸ்டர்கள் முடிவு செய்கின்றன. ஒன்று 1,000 ஓம், மற்றொன்று 9,000 ஓம் என்றால், பெரியதைச் சிறியதால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒன்பதும் ஒன்றும் பத்து. பத்து மடங்கு! ஐந்தாம் வகுப்புக் கணக்கு இங்கே ஒலியாக மாறுகிறது. பையனுக்குக் கணக்கு பிடிக்கவில்லை என்று வருந்தும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ரெசிஸ்டரின் அளவு எழுத்தில் இருக்காது. வண்ணக் கோடுகளில் இருக்கும். பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று என்று படிக்க வேண்டும். அதுவும் ஓர் எழுத்துதான். புதிதாக எழுத்துக் கற்றவர் கடைப்பலகையைக் கூட்டிப் படிப்பதுபோல, பையன் முதலில் தடுமாறுவான். ஒரு வாரத்தில் சரளமாகப் படிப்பான்.

பற்றவைப்பதிலும் ஒரு முறை உண்டு. சூட்டுக்கோலை முதலில் காலிலும் செம்பிலும் வைக்க வேண்டும். இரண்டும் சூடான பிறகு ஈயக்கம்பியைத் தொட வேண்டும். ஈயம் ஓடிப் படிந்து பளபளக்கும். அவசரப்பட்டால் ஈயம் உருண்டையாக நின்றுவிடும். பார்க்க ஒட்டியதுபோல இருக்கும். ஆனால் உள்ளே ஒட்டியிருக்காது. பாட்டு விட்டு விட்டு வரும். ஈயம் உடம்புக்குக் கெடுதல். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொட வேண்டும். சின்னக் குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது.

பெற்றோர் கேட்க வேண்டிய நிபந்தனை

இப்போது அந்த நிபந்தனை. முதல் போர்டு வீட்டு மின்சாரத்தில் ஓடக்கூடாது. பாட்டரியில் ஓட வேண்டும்.

சுவர் பிளக்கில் இருப்பது 230 வோல்ட். அது தேர்ந்த மெக்கானிக்கையும் கொல்லும். மூடாத டிரான்ஸ்பார்மரைப் பலகையில் வைத்து, நூல் சுற்றிய ஒயரை நேரே பிளக்கில் செருகும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை ஒரு நாளும் அனுமதிக்கக்கூடாது.

இரண்டு 9 வோல்ட் பாட்டரி இருந்தால், 5532 வைத்த முன்பெருக்கி நன்றாக ஓடும். உயிருக்கு ஆபத்தில்லை. இன்னொரு லாபமும் உண்டு. பாட்டரியில் 50 முறை அலையும் மின்சாரம் இல்லை. ஆகவே "உர்ர்" சத்தம் பெருமளவு குறையும். பாதுகாப்பான வழியே சுத்தமான ஒலிக்கும் வழியாக இருக்கிறது!

பிறகு, தேர்ச்சி வந்த பின்னால், தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டிரான்ஸ்பார்மர் வைக்கலாம். அதை இரும்புப் பெட்டியில் மூடி, எர்த்து கொடுத்து, போர்டை விட்டு எட்ட வைக்க வேண்டும். மைக் ஒயர் வலை சுற்றிய ஷீல்டு ஒயராக இருக்க வேண்டும். எர்த்து ஒயர்கள் எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும். இவ்வளவு செய்தால் தூசி உள்ளே வராது.

கழற்றிப் பார்த்தவர்கள்

இது வீண் வேலை என்று சொல்லுகிறவர்கள் கோயமுத்தூர் ஜி. டி. நாயுடுவை நினைக்க வேண்டும். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர் அவர். இளம் வயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் கழற்றிப் பார்த்தார். 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாயில் இந்தியாவிலேயே செய்ய முடியும் என்று அறிவித்தார்.

சென்னையில் வானொலி தொடங்கியதும் ஆர்வக்காரர்களால்தான். 1924-ல் கிருஷ்ணசாமி செட்டியாரும் நண்பர்களும் ரேடியோ சங்கம் அமைத்து ஒலிபரப்பினார்கள். அகில இந்திய வானொலி சென்னைக்கு வந்தது 1938-ல்தான். அதற்கு 14 ஆண்டுகள் முன்னாலேயே ஆசைப்பட்டவர்கள் செய்து காட்டிவிட்டார்கள்.

இன்று பொருள் கெட்டால் தூக்கி எறிகிறார்கள். பிரித்துப் பார்ப்பதில்லை. எறிந்த பொருள் குப்பையாகிறது. வாங்கிய பணமும் போகிறது. போர்டில் ஒரு கால் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளை, நாளை மிக்சியையும் மோட்டாரையும் கண்டு மலைக்க மாட்டான். இதில் ஆண், பெண் வித்தியாசமும் இல்லை. மெல்லிய வேலையைப் பொறுமையோடு செய்யும் கை எவருக்கு இருந்தாலும் இது வரும்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. பள்ளிக்கூடங்களில் சனிக்கிழமை மாலை ஒரு மேஜை, இரண்டு சூட்டுக்கோல், ஒரு மீட்டர் போதும். இராஜபாளையத்தில் 1963-ல் தொடங்கிய பாலிடெக்னிக் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்கள் மாதம் ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாம். ரேடியோ ரிப்பேர் கடை வைத்து ஓய்ந்த பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து ஒரு நாற்காலி போட்டால், மகிழ்ச்சியோடு வந்து சொல்லித் தருவார்கள்.

முதல் பரிசு

போர்டு முடிந்தது. பாட்டரி மாட்டியாயிற்று. பையன் எதை முதலில் போட வேண்டும்? பாட்டை அல்ல. பாட்டுப் போடாமல், வால்யூம் திருகை மெல்ல மெல்ல முழுவதும் திருப்ப வேண்டும். பிறகு ஒலிபெருக்கியின் அருகே காது வைத்துக் கேட்க வேண்டும்.

"ஒன்றுமே கேட்கவில்லையே!" என்று அம்மா சொன்னால், அவன் வென்றுவிட்டான். அந்த அமைதியில் போடும் பாட்டுக்கு அதிகச் சத்தம் தேவையில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையும் தூங்கும்.

ஆகவே, மொட்டை மாடியில் பிள்ளை சூட்டுக்கோலோடு உட்கார்ந்திருந்தால் திட்ட வேண்டாம். பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்காருங்கள். பாட்டரிதானா என்று பாருங்கள். பிறகு கேளுங்கள்: "இது என்னப்பா? எனக்கும் சொல்லு."