பீப்பாய்க்குள் இருப்பது என்ன?

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர்; அதைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். அங்கே ஒரு தொழிற்சாலையில் 2025 மே மாதம் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ என்ற இருமல் மருந்து, மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவுக்குப் போயிற்று. அதைக் குடித்த குழந்தைகளுக்குச் சிறுநீரகம் கெட்டது. இருபதுக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகள் மாண்டு போயினர்.

அக்டோபர் ஆரம்பத்தில் சென்னை அரசாங்கப் பரிசோதனைக் கூடம் அந்த மருந்தைச் சோதித்தது. நூற்றுக்கு 48.6 பங்கு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 பங்குதான். அதாவது 486 மடங்கு!

இது எப்படி மருந்தில் நுழைகிறது? இருமல் மருந்தைக் கரைக்கக் கிளிசரினோ, புரொபிலீன் கிளைக்காலோ சேர்ப்பது வழக்கம். அவையும் தெளிவான, இனிப்பான, பிசுக்கான திரவங்கள். இந்த விஷமும் அப்படியே. பீப்பாயைத் திறந்து பார்ப்பவர் கண்ணும் மூக்கும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஆனால் யந்திரத்துக்கு முடியும். வாயு நிறப்பிரிகை என்பது அதன் பெயர். 1952-இல் மார்ட்டின், ஜேம்ஸ் என்ற இரு ஆங்கில விஞ்ஞானிகள் வெளியிட்ட முறை அது. ஒரு துளியைச் சூடேற்றி ஆவியாக்கி, நீண்ட மெல்லிய குழாய் வழியே வாயுவால் தள்ளுவார்கள். புரொபிலீன் கிளைக்கால் 188 டிகிரியில் கொதிப்பது. விஷமோ 245 டிகிரியில். ஆகவே ஒன்று முந்தி வரும், மற்றது பிந்தி வரும். ஒவ்வொன்றும் வரைபடத்தில் தனிச் சிகரமாக எழும். சிகரத்தின் பரப்பே அளவைச் சொல்லிவிடும்.

“சிறு முதலாளிக்கு இது கட்டுமா?” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் பதில் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2023-இல் வகுத்த சோதனையின் முதற்படிக்குப் பெரிய யந்திரமே வேண்டாம். மை கலந்த நீரில் சாக்குக்கட்டியை நிறுத்தினால் நிறங்கள் பிரிந்து ஏறுவதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். அதே தத்துவந்தான், சிலிக்கா பூசிய தகட்டில் ஒரு சொட்டு வைத்தால் போதும். சந்தேகம் எழுந்தால் மட்டும் யந்திரத்தை நாடலாம்.

அந்த யந்திரத்தையும் ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டுமென்பதில்லை. அங்கீகாரம் பெற்ற வெளிக்கூடத்தில் சோதித்துக்கொள்ளச் சட்டமே இடந்தருகிறது. அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளில் அண்டை அயலிலுள்ள தொழிற்சாலைகள் கூடிப் பொதுவாக ஒரு கூடம் வைத்துக்கொண்டால் என்ன? அதற்குச் சர்க்கார் கைகொடுத்தால் என்ன?

1937-இல் அமெரிக்காவில் இதே விஷத்தால் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1972-இல் நம் சென்னையிலேயே குழந்தைகளைப் பலி கொடுத்தோம். 1986-இல் பம்பாய் ஆஸ்பத்திரியில் 14 பேர். ஒவ்வொரு முறையும் சோதனை உண்மையைச் சொன்னது. பிணம் விழுந்த பிறகு சொன்னது.

சிந்த்வாராவில் மாண்ட குழந்தைகளுக்கும் இரசாயன நிபுணர் துல்லியமாகத்தான் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கு, பீப்பாய் தொழிற்சாலை வாசலில் இறங்கிய அன்றே எழுதப்பட்டிருக்க வேண்டியது அல்லவா? புட்டியில் விலை அச்சிடுகிறோம். காலாவதித் தேதி அச்சிடுகிறோம். இந்த விஷத்துக்காகச் சோதித்த நாளையும் அச்சிடச் சொல்வோம். தாய்மார் அதைப் பார்த்து வாங்கட்டும்.