ஊசிக்கும் ஓர் எல்லை உண்டு

சென்ற மாதம் ஒரு மாலை அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நாம் உலாவிக்கொண்டிருந்தபோது, நண்பர் ஒருவர் எதிர்ப்பட்டார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத்துப் பட்டறையொன்றில் இருபது வருஷங்களாக நின்றே வேலை செய்பவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடக்கும் அம்மனிதர் அன்று நிமிர்ந்து வந்தார். விசாரித்ததில், ஆறு வாரமாக அக்குபங்சர் சிகிச்சை செய்துகொண்டதாகத் தெரிவித்தார். நாம் மகிழ்ந்தோம். ஆனால் அடுத்தாற்போல் அவர் சொன்னது நம்மைத் திடுக்கிடச் செய்தது.

"அம்மாவையும் அங்கேதான் அழைத்துப் போகிறேன், ஸார். சர்க்கரை மாத்திரையை அடியோடு நிறுத்திவிடச் சொல்லிவிட்டார்கள்."

இந்த ஊசி வைத்தியத்தின்மீது நமக்குத் துவேஷம் ஏதுமில்லை. சொல்லப்போனால், நமது தேசத்தில் அது வேரூன்றிய வரலாறு பெருமைக்குரியது. 1938-ல், சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராயிருந்த காலத்தில், ஜப்பானியப் படையெடுப்பால் அல்லலுற்ற சீன மக்களுக்கு உதவ ஐந்து இந்திய டாக்டர்கள் அனுப்பப்பட்டனர். அவர்களுள் டாக்டர் கோட்னீஸ் 1942-ல் சீன மண்ணிலேயே உயிர் நீத்தார். தாயகம் திரும்பிய டாக்டர் பிஜய் குமார் பாசு, பின்னர் மறுபடியும் சீனா சென்று இவ்வைத்தியத்தைக் கற்று வந்து, 1959-ல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். 1996-ல் மேற்கு வங்கம் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

ஆனால் பெருமை வேறு, பலன் வேறு. எந்த நோய்க்கு இது உதவும்?

மயிரிழை போன்ற ஊசி தோலைத் துளைக்கும்போது நரம்புகள் தூண்டப்படுகின்றன. வலியைத் தணிக்கும் எண்டார்பின் என்னும் பொருளைத் தேகமே சுரக்கிறது. ஆகவே இதற்கு நல்ல சாட்சியம் கிடைத்திருப்பதும் பெரும்பாலும் வலி விஷயத்திலேதான். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கவும், முழங்கால் வலியைச் சற்றுக் குறைக்கவும், ஆபரேஷனுக்குப் பிறகு உண்டாகும் குமட்டலை அடக்கவும் இது உதவலாம் என ஆராய்ச்சிகள் கூறுகின்றன.

இடுப்பு வலியைப் பற்றி ஜெர்மனியில் 1,162 பேரைக் கொண்டு நடத்திய பரீட்சையின் முடிவு 2007-ல் வெளியாயிற்று. முறைப்படி ஊசி குத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 47.6 பேர் குணம் கண்டனர். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிலோ 27.4 பேரே. இதைக் கேட்டு ஊசிக்காரர்கள் குதூகலிக்கலாம். ஆனால் உரிய புள்ளிகளை விட்டு, வேறு இடத்தில் மேலாகக் குத்தப்பட்டவர்களிலும் 44.2 பேர் குணம் கண்டனர்! ஆகவே நிவாரணம் உண்மையாயினும், புள்ளிகளின் மகிமை சந்தேகத்துக்கிடமானது. இங்கிலாந்தின் நிபுணர் குழு 2012-ல் தலைவலித் தடுப்புக்கு இச்சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றது. 2016-ல் இடுப்பு வலிக்கு வேண்டாம் என்றது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் நீரிழிவின் பெயரும் காணப்படுகிறதே என்று சிலர் வாதிப்பர். காணப்படுவது மெய்தான், ஆனால் "இன்னும் நிரூபணம் தேவை" என்று ஒதுக்கிய பட்டியலிலேயே அது உள்ளது. மாத்திரையை நிறுத்தும்படி அந்த அறிக்கை சொல்லவில்லை. வலி குறைந்தால் நோயாளிக்கே தெரியும். சர்க்கரையோ ஓசைப்படாமல் கண்ணையும் சிறுநீரகத்தையும் பாதத்தின் உணர்ச்சியையும் அரித்துத் தின்னும். அது ஏறியிருப்பதை ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் வெகு நேரம் ஏரியையே பார்த்திருந்துவிட்டு, "என் இடுப்பை நிமிர்த்தியவர்கள் எனக்குப் பொய் சொல்வார்களா, ஸார்?" என்றார். நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நன்றியுணர்ச்சியோடு எப்படி வாதிடுவது? "அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?" என்று மட்டும் கேட்டோம்.

மறுநாளே தாயாரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். வெறும் வயிற்றில் சர்க்கரை 318. வலது குதிகாலில் அந்த அம்மாள் உணராத ஒரு புண்ணும் இருந்தது. அரசாங்கத் திட்டத்தின்கீழ் வீடு தேடி வந்த மாத்திரைகள் பூஜை அலமாரியில் பிரிக்கப்படாமலே கிடந்தனவாம். இப்பொழுது புண் ஆறி வருகிறது. மாத்திரையும் உள்ளே போகிறது.

வலிக்கு ஊசியை நாடும் நேயர்கள் தாராளமாக நாடுக. முறையாகப் பயின்றவரா, உறை பிரிக்காத புது ஊசியா என்று மட்டும் பார்த்துக்கொள்க. பழைய ஊசி மஞ்சட்காமாலைக் கிருமியைக் கொண்டுவரும், மார்பில் ஆழமாய் இறங்கும் ஊசி நுரையீரலைத் துளைக்கும். ஆனால் உங்கள் டாக்டர் தந்த மருந்தை நிறுத்தச் சொல்பவர் எவராயினும், அவர் எந்த வைத்தியத்தைச் சேர்ந்தவராயினும், அவரிடமிருந்து எழுந்து வந்துவிடுக. நண்பர் இன்றும் தம் இடுப்புக்கு ஊசி போட்டுக்கொள்கிறார். அதை நாம் தடுக்கவில்லை.