மணல் குடியேறிய வீடு

இரண்டு நாள் வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் போதும். கூடத்தில் கால் வைத்ததும் புழுதி நறநறக்கிறது. உடனே துடைப்பத்தைத் தேடுகிறோம். ஏறக்குறைய எழுபது வருஷமாகத் துடைப்பமே படாத வீடு எப்படி இருக்கும்?

ஆப்பிரிக்காவின் தென்மேற்கே, நமீபியா தேசத்துப் பாலைவனத்தில், லூடரிட்ஸ் துறைமுகத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் கோல்மன்ஸ்கோப் என்று ஓர் ஊர். குடியிருப்பவர் ஒருவரும் இல்லை. வீடுகள் மட்டும் நிற்கின்றன. அவற்றின் உட்புறத்தைப் படம் பிடிக்கத்தான் எங்கெங்கிருந்தோ காமிராக்காரர்கள் வருகிறார்கள்!

அந்தப் படங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க மனம் வருவதில்லை. நீலச் சுவர்; அதில் வரிசையாக அச்சு வைத்துத் தீட்டிய பூவேலை. ஜன்னல் வழியே புகுந்த மணல், மேடாகிக் கதவைப் பாதி விழுங்கியிருக்கிறது. இனி அந்தக் கதவைத் திறக்கவும் முடியாது, சாத்தவும் முடியாது.

படம் எடுப்பது சுலபமல்ல. அறைக்குள் அரையிருட்டு, வெளியிலோ கண்கூசும் வெயில். வெயிலுக்குத் தகுந்தபடி எடுத்தால் அறை கரியாகிவிடும். அறைக்குத் தகுந்தபடி எடுத்தால் ஜன்னல் வெளுத்துப் போகும். ஆகவே காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல தடவை எடுத்து ஒன்றாக இணைக்கிறார்கள். சாய்ந்த வெயில்தான் உத்தமம். மணலின் வரிகள் அப்போதுதான் நிழலோடு எடுப்பாகத் தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை காலடித் தடம்! முன்னே போனவர் மிதித்துவிட்டால், காற்று வந்து பெருக்கிவிடும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த ஊர் பிறந்த கதையும் மணலில்தான் ஆரம்பம். ஜெர்மானியர் ஆண்ட காலம். 1908-ல் ஜக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி, ரெயில் பாதையில் மூடிய மணலை வாரும்போது பளபளவென்று ஒரு கல்லைக் கண்டு, மேலதிகாரி ஆகஸ்ட் ஸ்டாவ்கிடம் கொடுத்தார். வைரம்! பிறகென்ன, ஆஸ்பத்திரி, நடன மண்டபம், ஐஸ் தொழிற்சாலை எல்லாம் எழும்பின. துரைசானிகளின் வாசலுக்கு ஐஸ்கட்டி தேடி வந்தது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே கருவி வேறு. எலும்பு முறிவுக்கு மட்டுமல்ல, கூலியாள் வைரத்தை விழுங்கியிருக்கிறானா என்று பார்க்கவும் அது உதவியதாம்!

1928-ல் தெற்கே ஆரஞ்சு நதிப் பக்கம் இன்னும் பெரிய வைரங்கள் அகப்பட்டன. ஜனங்கள் அங்கே பெயர்ந்தார்கள். 1956-க்குள் ஊர் காலி.

படங்களின் அடியில் "மானேஜர் வீடு", "டாக்டர் வீடு", "உபாத்தியாயர் வீடு" என்று குறித்திருக்கிறார்கள். வடக்கேயிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்த ஓவாம்போ மக்கள் படுத்துறங்கிய இடம், நான் புரட்டிப் பார்த்தவற்றில் ஒன்றில்கூட இல்லை. பூப்போட்ட சுவரைத் தேடும் காமிரா அந்தப் பக்கம் திரும்பவில்லை போலும். லெவாலா வீடு என்றும் ஒன்று கிடையாது. அந்த முதல் கல்லுக்காக அவருக்கு வெகுமதி ஏதும் கொடுக்கப்படவில்லை.