லேப்டாப் தூங்கி வழிகிறதா? எஸ்.எஸ்.டி வாங்கும் முன்...

பவர் பட்டனை அழுத்திவிட்டுப் போய், பால் காய்ச்சி, காபி கலந்து, குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது. ஏழெட்டு வருடங்களுக்கு முன் வாங்கிய லேப்டாப் இருக்கும் வீடுகளில் இது தினசரிக் காட்சி. காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால், 'புதுசு வாங்கித் தாங்கப்பா' என்ற கோரிக்கையும் கூடவே வந்துவிடும். சுமாரான புது லேப்டாப்புக்கே 30,000 ரூபாய்க்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். செமஸ்டர் ஃபீஸும் கட்டவேண்டிய மாதத்தில் அது லேசான காரியமா?

பெரும்பாலும் அவ்வளவு செலவு தேவையே இல்லை. கிழடு தட்டியிருப்பது லேப்டாப் அல்ல, அதற்குள் இருக்கும் ஒரே ஒரு உறுப்பு: ஹார்டு டிஸ்க்.

லேப்டாப் ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். கிராமபோன் ஊசி மாதிரி ஒரு கை, தேவையான இடத்துக்கு நகர்ந்து, அந்தப் பகுதி சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்கும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 15 மில்லி செகண்டு. கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவுதானே என்று தோன்றும். ஆனால், விண்டோஸ் எழுந்து உட்காருவதற்குள் ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களைப் படித்தாக வேண்டும். 10,000 தடவை என்று வைத்துக்கொண்டால் 150 நொடி, அதாவது இரண்டரை நிமிடம் போச்சு. எஸ்.எஸ்.டி-யில் சுற்றுகிற, நகர்கிற பொருள் எதுவும் கிடையாது. எல்லாம் பென் டிரைவில் இருப்பது போன்ற சிப்தான். ஒரு தடவைக்கு 0.1 மில்லி செகண்டு. அதே 10,000 தடவைக்கு ஒரே நொடி!

ஜவுளிக் கடையில் ஒவ்வொரு புடவைக்கும் பையன் மாடி கோடவுனுக்கு ஏறி இறங்கினால் எப்படி இருக்கும்? அதுதான் ஹார்டு டிஸ்க். எல்லாப் புடவையும் கைக்கெட்டும் அலமாரியிலேயே இருந்தால் அது எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்கையும் குறைத்துப் பேசக் கூடாது. 1956-ல் ஐ.பி.எம் கொண்டுவந்த முதல் ஹார்டு டிஸ்க்கில் இரண்டடி அகலத் தட்டுகள் 50 இருந்தன. மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்.பி. இன்றைக்கு ஒரு செல்போன் போட்டோவுக்கே அது சரியாகப் போய்விடும்!)

ஆனால், 'ஸ்லோ' என்றாலே எஸ்.எஸ்.டி-தான் மருந்து என்று கிளம்பிவிடக் கூடாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப் திணறும் நேரத்தில் அதைப் பார்க்க வேண்டும். சி.பி.யு 10, 20 சதவிகிதத்தில் சும்மா இருக்க, 'டிஸ்க்' மட்டும் 100-லேயே நின்றால் நோய் ஹார்டு டிஸ்க்கில்தான். 'மெமரி' 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. அங்கேயே 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில், உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா எஸ்.எஸ்.டி-யா என்றும் போட்டிருக்கும். ஏற்கெனவே எஸ்.எஸ்.டி இருந்தால், இன்னொன்று வாங்கி வேகம் கூடப்போவதில்லை. சில குறைந்த விலை மாடல்களில் 'இ.எம்.எம்.சி' என்ற சிப்பை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதைக் கழற்றி மாற்ற முடியாது.

4 ஜி.பி. ரேமும் ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்தே இருக்கும் லேப்டாப்பில் இரண்டும் தொல்லைதான். கையில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் எஸ்.எஸ்.டி-யை முதலில் மாற்றுவதே நல்லது. ரேம் நிரம்பி வழிவதை விண்டோஸ் டிஸ்க்கில்தான் கொண்டுபோய் வைக்கிறது. டிஸ்க் வேகமானால் அந்தக் கஷ்டமும் பாதி குறையும்.

அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்புகள் தமிழ்நாட்டில் இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. 2011 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது வந்தவையெல்லாம் ஹார்டு டிஸ்க் மாடல்கள். எஸ்.எஸ்.டி போட்டால் அவற்றுக்கும் உயிர் வரும். ஆனால், விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-வது தலைமுறை பிராசஸராவது வேண்டும். பழசில் அது இருக்காது. அதனால், அதில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு, தம்பி தங்கைகளின் பாடத்துக்கும் டைப்பிங்குக்கும் வைத்துக்கொள்ளலாம். அந்த மெஷினுக்கு இருப்பதிலேயே சின்ன எஸ்.எஸ்.டி போதும். அதற்கு மேல் செலவழிப்பது வீண்.

இனி எதை வாங்குவது? பலர் சறுக்குவது இங்கேதான். பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பொருத்தும் எஸ்.எஸ்.டி-க்கு '2.5 இன்ச் சாட்டா' என்று பெயர். சீட்டுக்கட்டைவிட ஒல்லியான பெட்டி. இன்னொன்று 'எம்.2'. சூயிங்கம் பட்டை போல 22 மில்லிமீட்டர் அகலம், பெரும்பாலும் 80 மில்லிமீட்டர் நீளம். இந்த எம்.2-விலேயே சாட்டா, என்.வி.எம்.இ என்று இரண்டு சாதி. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால், சாட்டாவுக்கு மட்டுமான இடத்தில் என்.வி.எம்.இ-யைச் செருகினால் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. ஆன்லைன் ஆஃபரில் அவசரப்பட்டு வாங்கிவிட்டு, பிறகு 'ரிட்டர்ன்' போட அலைகிறவர்கள் ஏராளம். லேப்டாப்பின் அடியில் இருக்கும் மாடல் எண்ணைப் போட்டோ எடுத்து, தயாரித்த நிறுவனத்தின் சைட்டில் தேடினால் உள்ளே எந்த ஸ்லாட் இருக்கிறது என்று தெரியும். அந்த ஐந்து நிமிட வேலையை முடிக்காமல் 'பை நவ்' பக்கம் போகவே வேண்டாம்.

அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகத்துக்கும் மயங்க வேண்டியதில்லை. சாட்டா நொடிக்கு 550 எம்.பி., என்.வி.எம்.இ மூன்றாம் தலைமுறை 3,500, நான்காம் தலைமுறை 7,000 வரை என்று இருக்கும். இவையெல்லாம் பெரிய வீடியோ ஃபைலைக் காப்பி பண்ணும்போது தெரியும் வித்தியாசம். வேர்டு, பிரவுசர், ஆன்லைன் கிளாஸ் என்று ஓடும் வீட்டில், ஹார்டு டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்.எஸ்.டி-க்கு மாறினாலும் அந்த முதல் தாவல்தான் பெரிசு. அதற்கு மேல் போவது பெரும்பாலும் பெட்டியின் மேல் இருக்கும் எண்ணுக்குக் கொடுக்கும் காசு. மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் நான்காம் தலைமுறையைப் போட்டாலும் அது மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும்.

சீக்கிரம் தேய்ந்துவிடுமோ என்ற பயமும் வேண்டாம். சாம்சங்கின் 870 ஈவோ 500 ஜி.பி. மாடலுக்கு 5 வருடம் அல்லது 300 டி.பி. எழுதும்வரை வாரன்ட்டி. ஒரு நாளைக்கு 20 ஜி.பி. எழுதினாலும் அந்த 300 டி.பி. தீர 40 வருடத்துக்கு மேல் ஆகும்.

விலைதான் இப்போது சிக்கல். 2023 வாக்கில் 500 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி 3,000 ரூபாய்க்குள்ளேயே கிடைத்தது. கொஞ்சம் பொறுத்தால் இன்னும் குறையும் என்று சொல்வதே அப்போது நல்ல ஆலோசனை. இன்று அப்படிச் சொல்ல முடியாது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து விலை ஏறுமுகம். 'குருஷியல்' என்ற பெயரில் எஸ்.எஸ்.டி, ரேம் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான அந்த வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

அதனால், செலவைக் குறைக்க ஒரே நல்ல வழி, அளவைக் குறைப்பது. 'சி' டிரைவில் விண்டோஸும் சாஃப்ட்வேர்களும் சேர்ந்து எவ்வளவு இடம் பிடித்திருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அது 100 ஜி.பி-கூட வராது. மீதியெல்லாம் கல்யாண வீடியோவும், வாட்ஸ்அப் குட்மார்னிங்கும்தான். அவர்களுக்கு 256 ஜி.பி. தாராளம். போட்டோவும் வீடியோவும் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். செத்துப்போன லேப்டாப் ஏதாவது உறவினர் வீட்டில் கிடந்தால் அதற்குள் நல்ல எஸ்.எஸ்.டி இருக்கிறதா என்றும் கேட்டுப் பார்க்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள், 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச சாஃப்ட்வேரில் போட்டு அதன் ஆரோக்கிய சதவிகிதத்தைப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். இ.எம்.ஐ-யில் வாங்குவதென்றால் 'நோ காஸ்ட்' என்ற வார்த்தைக்குக் கீழே பிராசஸிங் ஃபீஸும் அதற்கு ஜி.எஸ்.டி-யும் ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். சின்னத் தொகைக்கு அது கட்டுப்படியாகாது. '16 டி.பி. எஸ்.எஸ்.டி, 1,500 ரூபாய்' என்று வரும் விளம்பரமோ சுத்த ஏமாற்று. உள்ளே சின்ன மெமரி கார்டை ஒட்டி, கம்ப்யூட்டரிடம் 16 டி.பி. என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். நிரம்பியதும் பழைய ஃபைல்கள் அழியும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மற்ற ஊர்களில் நம்பகமான சர்வீஸ் கடை. எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் எழுதிய ஜி.எஸ்.டி பில் வேண்டும். அது இல்லாமல் வாரன்ட்டி கேட்டுப் போனால் வீண் அலைச்சல்தான். பழையதை அப்படியே 'குளோன்' செய்கிறார்களா, புதிதாக விண்டோஸ் போடுகிறார்களா, கூலி எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிட வேண்டும். கடைக்குக் கொண்டுபோகும் முன் முக்கியமான ஃபைல்களுக்கு ஒரு காப்பி வீட்டில் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வருவதுதான் இதில் எல்லாவற்றையும்விட முக்கியம். சில நூறு ரூபாய் கழித்துக்கொள்கிறோம் என்று சொன்னால்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது. குடும்பப் படங்கள், ஆதார், பான் ஸ்கேன், பிள்ளைகளின் மார்க் ஷீட், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டெலீட் செய்தாலும் திரும்ப எடுத்துவிட முடியும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. கேசிங் ஒன்றுக்குள் அதைப் போட்டால், அதுவே பெரிய பென் டிரைவ் மாதிரி ஆகிவிடும். எஸ்.எஸ்.டி போகும்போது பெரும்பாலும் சத்தமே இல்லாமல் ஒரே நாளில் போய்விடும். அதிலிருந்து எதையும் மீட்டெடுப்பதும் கடினம். மாதம் ஒரு முறை அந்தப் பழைய டிஸ்க்கைச் செருகி, புதுப் படங்களையும் பிராஜெக்ட் ஃபைல்களையும் அதில் காப்பி பண்ணி வைக்கும் வேலையை வீட்டில் இருக்கும் காலேஜ் பிள்ளையிடமே ஒப்படைத்துவிடலாம்.